வாய்ப்புண்ணும் ஃப்யூஸ் கம்பியும்

மாலை நேரம். வீட்டில் விளக்குகள் திடீரென்று அணைந்துவிடுகின்றன. ஃப்யூஸ் போய்விட்டது. அப்பா ஃப்யூஸ் கட்டையைக் கழற்றிப் புதுக் கம்பி கட்டிப் பொருத்துகிறார், விளக்கு எரிகிறது. மறுநாளும் ஃப்யூஸ் போகிறது. மறுநாளும் கம்பி கட்டுகிறார். மூன்றாம் நாளும் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கம்பியைக் கையில் எடுக்கும் முன், “எந்தச் சுவிட்சைப் போட்டவுடன் போயிற்று?” என்று கேட்பீர்கள். இஸ்திரிப் பெட்டியின் ஒயர் உள்ளே தேய்ந்து, ஒரு கம்பி இன்னொன்றைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அதைச் சரிசெய்யாதவரை எத்தனை முறை கம்பி கட்டினாலும் பயனில்லை. (தடித்த கம்பியாகப் பார்த்துக் கட்டிவிடும் கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்கள் வீட்டில் ஃப்யூஸ் போகாது, வீடுதான் போகும்.)

இவ்வளவு தெளிவாகக் கேட்கத் தெரிந்த நாம், நம் வாய்க்குள் மாதம் ஒருமுறை ஃப்யூஸ் போகும்போது மட்டும் ஒன்றுமே கேட்பதில்லை. வாய்ப்புண்ணைத்தான் சொல்கிறேன்.

இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு வாய்ப்புண்ணில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான ஐயம்தான். மருந்து சொல்வது மருத்துவரின் வேலை. அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் ஒரு விளைவைக் கண்டு அதன் காரணத்தைத் தேடுவது எல்லா அறிவியலுக்கும் பொதுவான தொழில். அந்தத் தொழிலில் நாம் எவ்வளவு சோம்பேறிகளாக இருக்கிறோம் என்பதற்கு வாய்ப்புண்ணைப் போன்ற எடுத்துக்காட்டு வேறில்லை.

வகுப்பில் ஒருவன் உதட்டைப் பிடித்துக்கொண்டு மதியச் சோற்றை அப்படியே மூடி வைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சுற்றியிருக்கும் நான்கு பேரும் நான்கு தீர்ப்புச் சொல்வார்கள். “உடம்புச் சூடு” என்பான் ஒருவன். “வயிற்றில் புண் இருக்கிறது, அதுதான் வாயில் தெரிகிறது, மணத்தக்காளிக் கீரை சாப்பிடு” என்பாள் ஒருத்தி. “பரீட்சைக் கவலை” என்பது மூன்றாவது தீர்ப்பு. நான்காமவன் சட்டைப் பையிலிருந்து பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையையே எடுத்து நீட்டிவிடுவான். நால்வரில் ஒருவர்கூட, “எத்தனை நாளாக இருக்கிறது? எந்த இடத்தில் இருக்கிறது? இதற்கு முன் எப்போது வந்தது?” என்று கேட்டிருக்கமாட்டார்.

‘சூடு’ என்ற சொல்லை நான் இகழவில்லை. நம் பாட்டிமார்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த சொல் அது. ஆனால் வாய்ப்புண் வந்தவன் நாக்கின் அடியில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வழக்கமான 37 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் காட்டும். அளக்க முடியாத ஒரு சூட்டைக் காரணம் என்று சொல்லிவிட்டால் தேடலும் அங்கேயே நின்றுவிடுகிறது. பெயர் வைப்பது வேறு, காரணம் காண்பது வேறு. மருத்துவர்களும் இந்தக் குற்றத்திலிருந்து முழுக்கத் தப்பியவர்கள் அல்லர். அடிக்கடி வரும் சாதாரண வாய்ப்புண்ணை அவர்கள் ‘ஆஃப்தஸ்’ புண் என்கிறார்கள். கிரேக்க மொழியிலிருந்து வந்த கம்பீரமான சொல். கேட்டவுடன் ஏதோ விளங்கிவிட்டது போல இருக்கும். ஆனால் அதுவும் ஒரு பெயர்தான்.

முதலில் அந்தச் சாதாரணப் புண்ணை அடையாளம் கண்டுகொள்வோம். உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, ஓரம் போன்ற மென்மையான பகுதிகளில்தான் அது வரும். பயறளவு இருக்கும், 1 செ.மீ.க்கு உட்பட்டது. நடுவில் வெண்மை கலந்த மஞ்சள், சுற்றிலும் சிவப்பு வளையம். ஐந்து பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடியது. பெரும்பாலும் உங்கள் வயதில், அல்லது அதற்கும் முன்பே தொடங்குவது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு அதிகம். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஈறிலும் மேலண்ணத்தின் கெட்டியான பகுதியிலும் கொத்துக் கொத்தாகச் சிறு கொப்புளம் கிளம்பிப் புண்ணானால் அது வேறு. ஹெர்ப்பிஸ் என்னும் வைரஸின் வேலையாக இருக்கலாம், அது தொற்றும். ஆகவே ‘எந்த இடத்தில்?’ என்ற ஒரு கேள்வியே பாதி வழியைக் காட்டிவிடுகிறது.

சாதாரணப் புண்ணின் மிக முக்கியமான பண்பை இப்போது கவனியுங்கள். அது தானாகவே 7 முதல் 14 நாட்களுக்குள் தழும்பின்றி ஆறிவிடும். இதில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. முதல் நாள் ஒரு சுருக்கென்ற எரிச்சல்; நாம் பொருட்படுத்துவதில்லை. மூன்றாம் நான்காம் நாள் வலி உச்சத்துக்குப் போகிறது. அப்போதுதான் மருந்தைத் தேடுகிறோம். தேங்காய்ப்பால் குடித்தவன், கீரை தின்றவன், மாத்திரை விழுங்கியவன், எண்ணெய்க் குளியல் போட்டவன், ஒன்றுமே செய்யாமல் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தவன் என எல்லோருக்கும் எட்டாம் பத்தாம் நாள் குணமாகிறது. முதல் நால்வரும் தத்தம் மருந்துக்குச் சாட்சி சொல்லத் தொடங்குகிறார்கள். ஐந்தாமவன் சாட்சியை யாரும் கேட்பதில்லை. தானாகவே ஆறும் நோய்க்கு உலகில் மருந்துப் பஞ்சம் இருக்கவே முடியாது!

இந்த ஐந்தாமவனைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு செய்யப்படுவதே உண்மையான சோதனை. இஸ்ரேல் நாட்டு மருத்துவர்கள் அடிக்கடி வாய்ப்புண் வரும் 58 பேரை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை நடத்தி 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்குத் தினமும் 1000 மைக்ரோகிராம் வைட்டமின் பி12 மாத்திரை. நாக்கின் அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். மற்றவர்களுக்கு அதே போன்ற போலி மாத்திரை. யாருக்கு எது என்பது சோதனைக்கு உட்பட்டவர்களுக்குத் தெரியாது. ஆறாவது மாத இறுதியில், பி12 சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 74 பேருக்குப் புண்ணே வரவில்லை. நல்ல செய்திதான். சின்னச் சோதனைதான் என்றாலும் பி12-க்குச் சாதகமாகத்தான் பேசுகிறது. ஆனால் எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது மற்ற எண். வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் நூற்றுக்கு 32 பேருக்குப் புண் நின்றிருந்தது! அந்த 32 பேரிடம் போய், “உங்கள் மாத்திரையில் ஒன்றுமில்லை” என்று முதலிலேயே யாரேனும் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா?

அமெரிக்காவில் 160 பேரை வைத்து நடந்த இன்னொரு சோதனை 2012-இல் வெளிவந்தது. அதில் தந்தது பலவகை வைட்டமின்கள் சேர்ந்த மாத்திரை. தினமும் ஒன்று, ஓராண்டு வரை. முடிவு என்ன? போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லா வைட்டமினையும் கொட்டுவது விடையாகாது என்பதே இதன் பொருள். குறைவு இருந்தால், எது குறைவு என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

குறைவு என்று ஒன்று உண்டா என்றால், உறுதியாக உண்டு. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று குறைந்தாலும் வாயின் உட்தோல் நலிகிறது. வாயின் உட்தோல் செல்கள் விரைவாகத் தேய்ந்து விரைவாகப் புதுப்பிக்கப்படுபவை. புதிய செல்களை உண்டாக்கச் சரக்கு போதாவிட்டால் முதலில் அடிபடும் இடங்களில் வாயும் ஒன்று.

இதில் ஃபோலிக் அமிலத்தின் கதை நம் நாட்டோடு, ஏன், நம் நீலகிரியோடும் தொடர்புடையது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைப் பகுதிகளில் கருவுற்ற ஏழைப் பெண்கள் கடுமையான இரத்தசோகையால் மடிந்துகொண்டிருந்தனர். ஏதோ கிருமி காரணமா, சாப்பாடு காரணமா? அடுத்த ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் எலிகளுக்கு அந்தப் பெண்கள் உண்ட உணவையே கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. ஈஸ்ட் கொடுத்தால் அது தடுக்கப்பட்டது. இந்த இடத்தில் நாமாக இருந்தால் வெற்றி முரசு கொட்டியிருப்போம். ஆனால் எலிகளின் உடம்பில் பேன் இருந்தது தெரியவந்தது! பேனால் பரவும் தொற்றும் எலிக்குச் சோகையை உண்டாக்கும். ஆகவே அந்த முடிவை அப்படியே நம்பாமல் குரங்குகளை வைத்து மீண்டும் சோதித்தார்கள். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாற்றால் அந்தப் பெண்கள் குணமடைந்ததை வில்ஸ் 1931-இல் வெளியிட்டார். ஈஸ்டில் இருந்த அந்தப் பொருள் என்ன என்று தெரிய இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. 1941-இல் அமெரிக்காவில் ஸ்பினாச் கீரையை டன் கணக்கில் அரைத்து அதைப் பிரித்தெடுத்தவர்கள், இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். கீரை சாப்பிடச் சொன்ன பாட்டி முற்றிலும் தவறு செய்யவில்லை என்பது இப்போது விளங்கும். ஆனால் பாட்டியின் கீரை எல்லோருக்கும் விடையல்ல. பி12 குறைந்தவனுக்கு எந்தக் கீரையும் உதவாது. ஏனெனில் பால், முட்டை, மீன், இறைச்சி போன்ற விலங்குவழி உணவுகளில்தான் பி12 உண்டு. செடிகள் அதை உண்டாக்குவதில்லை.

இங்கே ஓர் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். பி12 குறைவால் சோகை வந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை அதிக அளவில் கொடுத்தால் சோகை மறைந்துவிடும். இரத்தப் பரிசோதனை ‘சரி’ என்று காட்டும். ஆனால் பி12 இன்றி நரம்புகள் உள்ளுக்குள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும். தடித்த ஃப்யூஸ் கம்பி என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதுதான் இது. காரணம் தெரியாமல் கொடுக்கும் மருந்து சில சமயம் எச்சரிக்கை மணியை மட்டும் நிறுத்திவிடுகிறது.

சரி, பரிசோதித்தோம், இரும்புச்சத்துக் குறைவு என்று வந்துவிட்டது. காரணம் கிடைத்துவிட்டதா? பாதிதான் கிடைத்தது. இரும்பு ஏன் குறைந்தது? சாப்பாட்டில் போதவில்லையா? குடலில் கொக்கிப் புழு உறிஞ்சுகிறதா? மாதவிடாயில் இரத்தம் மிகுதியாகப் போகிறதா? இதைப் பெண் குழந்தைகள் சொல்லக் கூசுகிறார்கள், கூசத் தேவையில்லை. அல்லது சாப்பிடுவதைக் குடல் ஈர்த்துக்கொள்ளவில்லையா? கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் சிலருடைய குடலின் உட்சுவரைக் கெடுக்கிறது. சீலியாக் என்ற அந்த நோயில் வயிற்றுக் கோளாறு தெரியாமல் வாய்ப்புண்ணும் சோகையும் மட்டுமே தெரிவதும் உண்டு. அந்த மாணவி வயிற்றையும் வாயையும் சேர்த்துச் சொன்னது இத்தகைய சில நோய்களில் பொருந்தவும் செய்கிறது.

உடம்பின் வேறு வேறு மூலைகளில் தெரிவதைச் சேர்த்துப் பார்ப்பதும் இந்தத் தேடலின் ஒரு பகுதிதான். வாயில் புண், பிறப்புறுப்பில் புண், கண்ணில் அழற்சி மூன்றையும் பலர் தனித்தனியே பார்த்திருந்தார்கள். 1937-இல் இஸ்தான்புல் நகரத் தோல் மருத்துவர் ஹுலூசி பெசெட் இவை மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்று எடுத்துக்காட்டினார். பல் மருத்துவரிடம் வாயை மட்டும் காட்டி, கண்ணெரிச்சலைச் சொல்லாமல் வந்துவிட்டால் அவர்தான் என்ன செய்வார்?

இவ்வளவும் சொல்லும் எனக்கு ஒரு குற்ற உணர்வு உண்டு. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த ஒருவருக்கு நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. வலிக்கவில்லை என்பதால் அவரும் கவலைப்படவில்லை. ‘சூடு’ என்றார் ஒருவர். ‘பல் குத்துகிறது’ என்றார் இன்னொருவர். நான் தேன் தடவச் சொன்னேன். அவர் இருபது ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலை போடுபவர் என்பது எனக்குத் தெரியும். நேரத்தைக் குறிக்காமல் ஊசலின் அலைவை எண்ணும் மாணவனுக்கு மதிப்பெண் குறைக்கிறவன் நான், அவரிடம் “எத்தனை நாளாக?” என்று கேட்கவில்லை. இரண்டரை மாதம் கழித்து வேறொரு பல்வலிக்காகப் போன இடத்தில் பல் மருத்துவர் அதைக் கண்டார். கையுறை போட்ட விரலால் தடவிப் பார்த்தார். அடிப்பகுதி கெட்டியாக இருந்தது. சிறு துணுக்கு வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது புற்றுநோய் என்று தெரிந்தது. நாக்கின் ஒரு பகுதியை அகற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். முன்பு ஆய்வகத்தில் கருவிகளின் பெயர்களைக் கணீரென்று சொல்லிக் கொடுத்தவர், பிறகு எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று.

மூன்று வாரம் கடந்தும் ஆறாத எந்தப் புண்ணையும் மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ காட்டியே தீரவேண்டும். வலி இல்லையென்றால் இன்னும் விரைவாகக் காட்ட வேண்டும். கூரிய பல் குத்துகிறது என்றால், பல்லைச் செப்பனிட்ட பிறகும் ஆறுகிறதா என்று பார்க்க வேண்டும். இது பெரியவர்கள் பாடு என்று நீங்கள் நினைக்காதீர்கள். பள்ளிக்கூட வாசல் கடைகளில் வாசனைப் பாக்குப் பொட்டலம் வாங்கி மெல்லும் பையன்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004-இல் அறிவித்துவிட்டது. வாயின் உட்தோல் இறுகி, எரிந்து, நாளடைவில் இரண்டு விரல்கூட நுழையாதபடி வாய் திறக்க முடியாமல் போவதும் பாக்கினால்தான். இன்னொரு விநோதம்: புகைபிடிப்பவர்களுக்குச் சாதாரண வாய்ப்புண் குறைவாகவே வருகிறது, விட்டவுடன் சிலருக்குச் சில வாரம் வருகிறது. ‘அப்படியானால் புகைதான் மருந்து’ என்று முடிவு கட்டுகிறவனுக்குத் தருக்கம் பயிற்றுவிக்க என்னால் ஆகாது.

எனவே உங்களிடம் நான் வேண்டுவது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்கள் வந்த தேதி, ஆறிய தேதி, இடம், எத்தனை, என்ன அளவு என்று எழுதுங்கள். அந்த வாரம் கன்னத்தைக் கடித்துக்கொண்டீர்களா, பல்லில் கம்பி கட்டினார்களா, புது மருந்து சாப்பிட்டீர்களா, பற்பசையை மாற்றினீர்களா, தூக்கம் கெட்டதா, காய்ச்சல் இருந்ததா என்பதையும் எழுதுங்கள். நுரைக்காகப் பற்பசையில் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் சிலருக்குப் புண்ணைக் கூட்டுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அது இல்லாத பசையை மூன்று மாதம் மாற்றிப் பார்த்தால் உங்கள் வாயைப் பற்றி உங்களுக்கே தெரிந்துவிடும். முக்கியமாக, புண் வராத மாதங்களையும் எழுதுங்கள். பரீட்சை நடந்தும் புண் வராத மாதம் ஒன்று இருந்தால் அதுவும் சாட்சிதான். காலண்டரால் மட்டுமே பிடிபடும் நோய்கூட உண்டு. மிக அரிதாகச் சிலருக்கு இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை குறைந்து ஏறும். அப்போதெல்லாம் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வரும். இடையில் ஒருநாள் இரத்தம் எடுத்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அலைவுக் காலத்தை அறிய ஓர் அளவீடு போதாது என்று நாங்கள் ஆய்வகத்தில் கரடியாகக் கத்துவது இதைத்தான்.

என் மாணவி ஒருத்தி இப்படி ஐந்து மாதம் எழுதினாள். பரீட்சைதான் காரணம் என்று அவளுக்கு உறுதியான எண்ணம். நோட்டைப் பார்த்தால் பரீட்சை மாதத்தில் இரண்டு புண், மே மாத விடுமுறையில் மூன்று! நோட்டை மருத்துவரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு பக்கம் படித்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். இரும்பின் இருப்பு மிகக் குறைவு. ஏன் குறைந்தது என்று அவர் கேட்டுக்கேட்டு மாதவிடாய் மிகுதி என்று கண்டு, அதற்கும் சேர்த்து மருந்து கொடுத்தார். அடுத்த நான்கு மாதத்தில் புண்கள் ஒன்றாகக் குறைந்தன. “மருந்தால்தான் குறைந்ததா, தானாகவே குறைந்ததா, சார்?” என்று போன வாரம் வந்து கேட்டாள். இன்னும் ஆறு மாதம் எழுதச் சொல்லியிருக்கிறேன்.